நினைவு அளவையாகுமா?

புதிதாக அசெம்பிள் செய்த கணினிக்கு மதர்போர்டு நிறுவனங்கள் டிரைவர்களோடு சேர்த்துத் தரும் மென்பொருள்களில் ஒரு வகை, ரேமின் ஒரு பகுதியை ஒதுக்கிக்கொண்டு அதை டிஸ்க்கின் பதிலாள் ஆக்குகிறது. ஏசஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி வரிசை போர்டுகளுக்கான ரேம்கேச் இந்த வகையைச் சேர்ந்தது. சாம்சங் 2013இல் தன் எஸ்எஸ்டிகளுக்காகக் கொண்டுவந்த ரேபிட் மோடும், எந்த நிறுவனத்தின் போர்டிலும் ஓடக்கூடிய பிரைமோகேச்சும் அப்படியே. டிஸ்க்கிலிருந்து ஒருமுறை படித்ததை இவை ரேமில் வைத்துக்கொள்கின்றன. அதே தரவை மறுபடி கேட்டால் டிஸ்க்கைத் தொடாமலே எடுத்துக் கொடுக்கின்றன. கேட்ட நிரலுக்கு இது தெரிவதில்லை. வந்த விடை இப்போது பார்த்துச் சொன்னதா, முன்பு பார்த்ததை நினைவிலிருந்து சொன்னதா என்று பிரித்தறிய அதற்கு வழி கிடையாது. இந்தியத் தரிசனங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடிய ஒரு கேள்வி இங்கே சிலிக்கானில் எழுகிறது. காட்சி, அனுமானம், உரை ஆகியவற்றோடு நினைவையும் அறிவின் அளவையாக, அதாவது மெய்யறிவு தரும் வழியாக, கொள்ளலாமா? அல்லது அது வேறோர் அளவை தந்ததைத் திருப்பிச் சொல்வது மட்டும்தானா?

கேச் என்ற ஏற்பாடு தேவைப்பட்டதற்குக் காரணம் வேக வேறுபாடு. இன்றைய பிராசசர் ஒரு கூட்டலை ஒரு நானோநொடிக்குள் முடித்துவிடும். ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ நூறு நானோநொடி ஆகிறது. என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கப் பல பத்து மைக்ரோநொடிகள். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் பத்து மில்லிநொடி வரை போகும். ரேமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் இடையில் மட்டும் ஒரு லட்சம் மடங்கு. வேகமான சிறு நினைவகம் ஒன்றை நடுவில் வைத்து இந்தப் பள்ளத்தைத் தூர்க்கலாம் என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் 1965இல் ஒரு சிறு கட்டுரையில் எழுதினார். ஐபிஎம் 1968இல் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85, கேச்சோடு சந்தைக்கு வந்த முதல் கணினி. அன்றிலிருந்து பிராசசருக்குள் மூன்று அடுக்கு, இயங்குதளத்தில் ஓர் அடுக்கு, டிஸ்க்கின் உள்ளே ஓர் அடுக்கு என்று கேச் பெருகிவிட்டது. இத்தனைக்கும் மேல் ஓர் அடுக்கைச் சேர்ப்பதுதான் மதர்போர்டோடு வரும் அந்த மென்பொருள்.

நினைவை அளவையாக ஏற்காதவர்களின் வாதங்களை முதலில் பார்ப்பது முறை. பெரும்பான்மை அவர்கள் பக்கம்தான். நியாய மரபு அறிவை இரண்டாகப் பிரிக்கிறது: அனுபவம், நினைவு. அனுபவம் மனத்தில் விட்டுச்சென்ற பதிவிலிருந்து மட்டுமே பிறப்பது நினைவு என்று 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகம் வரையறுக்கும். மெய்யறிவு என்ற பெயர் அனுபவத்துக்கே உரியது. ஏன் அப்படி என்று கேட்டால் மூன்று ஆசிரியர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரிலருக்கு, அறிவு என்றால் அதுவரை அறியாத ஒன்றைத் தர வேண்டும். நினைவு புதிதாக எதையும் தருவதில்லை. காஷ்மீரத்து ஜயந்த பட்டர் புதுமையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நினைவு பொருளிலிருந்து பிறப்பதில்லை, அது எழும் நேரத்தில் பொருள் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் அவர் கண்ட குறை. நியாய மரபின் உதயணருக்கு இந்த இரண்டும் அடிப்படை இல்லை. நினைவு தன் காலில் நிற்பதில்லை, முந்தைய அனுபவம் சரியென்றால் அது சரி, தவறென்றால் தவறு. இப்படிப் பிறர் தயவில் வாழ்வதை அளவை என்று எப்படி அழைப்பது என்பது அவர் கேள்வி.

படிப்பதற்கு மட்டும் பயன்படும் கேச்சின் மீது இம்மூன்று குற்றச்சாட்டுகளும் அப்படியே பொருந்துகின்றன. டிஸ்க்கில் இல்லாத எதையும் அது தராது. விடை சொல்லும் நேரத்தில் அது டிஸ்க்கைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கில் கோப்பு பழுதாக இருந்து அதைப் படித்திருந்தால், பழுதையே பழுதில்லாமல் திருப்பித் தரும். உதயணர் சொல்லாத ஒரு குறையும் உண்டு. பிழை திருத்தும் வசதி இல்லாத சாதாரண ரேமில் எப்போதாவது ஒரு பிட் தானாகப் புரண்டுவிட்டால், மூலம் சரியாக இருக்கும்போதே நினைவு பொய்யாகிவிடும். மூலத்தின் தவறுகளைச் சுமப்பதோடு சொந்தத் தவறையும் நினைவு சேர்த்துக்கொள்ளக்கூடும்.

தமிழில் இந்த விவாதத்தின் தடம் மணிமேகலையில் இருக்கிறது. சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் வைதிக அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்லி, அளவை போலத் தோன்றி ஏமாற்றுபவை என்று எட்டையும் எண்ணிக் காட்டுகிறான். சுட்டுணர்வு, திரியக் கோடல், ஐயம் என்று தொடங்கும் அந்தப் பட்டியலின் கடைசியில் வருபவை உணர்ந்ததை உணர்தலும் நினைப்பும். பின்னது இங்கே பேசும் நினைவாற்றல் அன்று. இவர்தாம் உன் தாய் தந்தை என்று பிறர் சொல்ல, ஆராயாமல் ஏற்பதை அவன் நினைப்பு என்கிறான். முன்னதுதான் கேச்சுக்கு உரியது. குளிருக்குத் தீ மருந்து என்று எல்லோரும் அறிந்ததைப் புதிதாக அறிந்தது போலக் கொள்வது அதற்கு அவன் தரும் எடுத்துக்காட்டு. குமாரிலரின் வாதமும் இதுவும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை.

மதர்போர்டோடு வரும் கேச் மென்பொருள் இந்தக் குற்றத்தை இரட்டிப்பாகச் செய்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். விண்டோஸ் தானாகவே படித்த கோப்புகளைக் காலியான ரேமில் வைத்துக்கொள்ளும். பயனர் அடிக்கடி திறக்கும் நிரல்களைக் கவனித்து முன்கூட்டியே ஏற்றிவைக்கும் சூப்பர்ஃபெட்ச் விண்டோஸ் விஸ்டாவிலேயே வந்துவிட்டது. டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஜிபி இப்படிக் கேச்சாக இருக்கிறது என்று தெரியும். அதன் கீழே இன்னொரு கேச்சைப் போட்டால், ஒரே கோப்பு ரேமில் இரண்டு இடங்களில் கிடக்க நேரும். உணர்ந்ததை உணர்தல் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அளவைவாதிக்கே கிடைத்திருக்காது.

அப்படியென்றால் அந்த மென்பொருளைப் போட்டதும் வேக சோதனையில் எண்கள் எகிறுவது எப்படி? கிரிஸ்டல்டிஸ்க்மார்க் போன்ற சோதனை நிரல்கள் விண்டோஸின் கேச்சை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, டிஸ்க்கை நேராகக் கேட்கின்றன. கேச் மென்பொருளோ கோப்பு முறைமைக்கும் கீழே உட்கார்ந்திருப்பதால் அந்தக் கேள்வியையும் வழிமறித்துத் தானே பதில் சொல்லிவிடுகிறது. சாட்டா கேபிளில் இணைத்த எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பிக்கு மேல் அனுப்ப முடியாது. அது இணைப்பின் எல்லை. திரையில் நொடிக்கு ஐயாயிரம் எம்பி என்று வந்தால், சோதிக்கப்பட்டது டிஸ்க் அன்று, ரேம் என்று ஊகித்துவிடலாம். புகையைக் கண்டு தீயை அறிவது போல, வேகத்தைக் கண்டு நினைவை அறிவது இது. நினைவு தன்னை நினைவென்று சொல்லிக்கொள்ளாதபோது, அதைக் காட்டிக்கொடுக்க அனுமானம் ஒன்றே எஞ்சுகிறது.

நினைவு தன் அடையாளத்தை மறைப்பதில்தான் பிழை பிறக்கிறது என்றவர் மீமாம்சகரான பிரபாகரர். கடற்கரையில் கிளிஞ்சலைப் பார்த்து வெள்ளி என்று எண்ணுபவன் எதைத் தவறாக அறிகிறான்? எதையுமே தவறாக அறியவில்லை என்பது அவருடைய விடை. ‘இது’ என்ற அளவில் அவன் காண்பது உண்மை. ‘வெள்ளி’ என்பது முன்பு எங்கோ கண்டதன் நினைவு, அதுவும் உண்மை. அது நினைவு என்ற குறி மட்டும் களவுபோய்விட்டது. காட்சியும் நினைவும் இரண்டென்று பிரித்தறியாததே பிழை. பிறர் இதை ஏற்கவில்லை. வேறிடத்து வெள்ளியை அவன் இங்கே ஏற்றிக் காண்கிறான், எனவே பிழை என்பது நேர்மாறான அறிவுதான் என்று நியாயவாதிகள் வாதிட்டார்கள். மனிதனின் மயக்கத்தை விளக்குவதில் யார் பக்கம் வலுவானது என்பது தனி விவாதம். கணினியைப் பொறுத்தவரை பிரபாகரர் வெல்கிறார். கேட்பவருக்குத் தெரியாமல் வேலை செய்வதைக் கேச்சின் சிறப்பாகவே பொறியாளர்கள் கருதுகிறார்கள். அவர் அதையே பிழையின் வேர் என்றிருப்பார்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களிடம் இந்தப் பிழை அசலாகவே நடக்கிறது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுவதுமாக மறப்பதில்லை. இயங்குதளத்தின் உள்நிலையை ஒரு கோப்பில் எழுதிவிட்டுத் தூங்குகிறது. டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற வரைபடமும் அந்த நினைவில் அடக்கம். இடையில் லினக்ஸைத் துவக்கி, விண்டோஸின் பகிர்வில் ஒரு கோப்பைச் சேர்த்தால் டிஸ்க் மாறிவிடும். மறுபடி விண்டோஸ் எழும்போது, பழைய வரைபடத்தை அப்படியே நினைவுக்குக் கொண்டுவந்து, அதுதான் இப்போதைய நிலை என்று நம்பி எழுதத் தொடங்கும். புதிய கோப்பு காணாமல் போகலாம், பகிர்வே குலையலாம். வரைபடமும் ஒரு காலத்தில் மெய், டிஸ்க்கும் மெய். வரைபடம் நேற்றையது என்ற குறி மட்டும் தொலைந்துவிட்டது. இந்த ஆபத்து தெரிந்துதான் லினக்ஸில் என்டிஎஃப்எஸ் பகிர்வுகளைக் கையாளும் என்டிஎஃப்எஸ்-3ஜி, தூங்கும் விண்டோஸ் பகிர்வை எழுதும் வசதியோடு திறக்க மறுத்துவிடுகிறது.

பழையதாகிப் போன நினைவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அடுத்த கேள்வி. இதற்கும் தரிசனங்களில் இரண்டு நேர் எதிரான விடைகள் உண்டு. அறிவு பிறக்கும்போதே செல்லுபடியாகும் தன்மையோடு பிறக்கிறது, அதைப் பொய்யாக்கும் வேறோர் அறிவு வரும்வரை ஐயப்படக் காரணமில்லை என்பது மீமாம்சகர் கொள்கை. ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் ஏற்பது என்றால், சோதனையையும் சோதிக்க வேண்டும். அதற்கு முடிவே வராது. நியாயவாதிகள் மறுத்தார்கள். அறிவின் உண்மை வெளியிலிருந்துதான் உறுதியாக வேண்டும்; தண்ணீர் என்று அறிந்தது தண்ணீர்தானா என்பது குடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிராசசரை வடிவமைத்தவர்கள் மீமாம்சகர் வழியைத் தேர்ந்தார்கள். ஒரு பிராசசரில் எட்டு கோர் இருந்தால், ஒவ்வொன்றிடமும் தனித்தனிக் கேச் இருக்கும். ஒரே தரவின் நகல் பலரிடம் இருக்கலாம். 1984இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மெசி என்ற ஒழுங்கு, ஒவ்வொரு நகலுக்கும் நான்கில் ஒரு நிலையைத் தருகிறது: மாற்றப்பட்டது, தனியொருவரிடம் உள்ளது, பகிரப்பட்டது, செல்லாதது. ஒரு கோர் தரவை மாற்ற விரும்பினால், மற்றவர்களின் நகலெல்லாம் செல்லாது என்று முதலில் செய்தி போக வேண்டும். அந்தச் செய்தி வராதவரை தன் நகலை எந்த கோரும் சந்தேகிப்பதில்லை, சந்தேகிக்கத் தேவையும் இல்லை. பொய்ப்பிக்கும் அறிவு தவறாமல் வந்து சேரும் என்ற உத்தரவாதம் இருந்தால், தோன்றியதை நம்புவதே சரியான வழி. இணைய உலாவிகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. தொலைவிலுள்ள சர்வர் தானாக முன்வந்து எந்தச் செய்தியும் அனுப்பாது. ஆகவே கேச்சில் உள்ள பக்கத்தின் கெடு முடிந்ததும், மாறியிருக்கிறதா என்று உலாவியே போய்க் கேட்கிறது; மாறவில்லை என்ற பதில் வந்தால் பழைய நகலையே காட்டுகிறது. இது நியாயவாதியின் வழி. இரண்டு கொள்கைகளில் எது உண்மை என்ற கேள்வியைக் கணினி இப்படித் திருப்பிப் போடுகிறது: மாற்றம் நடந்தால் தனக்குத் தெரிவிக்கப்படுமா, படாதா என்பதைப் பொறுத்தே எந்தக் கொள்கையோடு வாழ முடியும் என்பது தீர்மானமாகிறது. பழைய நூல்கள் இந்தக் கோணத்தில் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

நினைவை வெளிப்படையாக அளவையாக ஏற்றவர்கள் சமணர்கள். அகளங்கரும் அவர் வழிவந்த மாணிக்கியநந்தியும் நேரடியல்லாத அளவைகளின் வரிசையில் முதலிடத்தை நினைவுக்கே தந்தார்கள். அடையாளம் காணல், தர்க்கம், அனுமானம், ஆகமம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். அவர்களின் வாதம் நடைமுறை சார்ந்தது. வைத்த இடத்தை நினைத்துப் போய்ப் பொருளை எடுப்பவனை நினைவு ஏமாற்றுவதில்லை. செயலில் ஏமாற்றாதது அளவைதான். தவிர, புகையுள்ள இடத்தில் தீயுண்டு என்ற தொடர்பை நினைவில் வைத்திராதவன் அனுமானமே செய்ய முடியாது. நினைவைத் தள்ளிவிட்டு அனுமானத்தை மட்டும் அளவை என்பது அடித்தளத்தைத் தள்ளிவிட்டு மாடியை வைத்துக்கொள்வது. இந்த இரண்டாவது வாதத்துக்கு நியாய மரபு திருப்தியான மறுமொழி தந்ததாகச் சொல்ல முடியாது.

தமிழகத்தில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் தம் வேதாந்த பரிபாஷையின் தொடக்கத்திலேயே இரண்டு வரையறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறார். முன்பு அறியப்படாததும் பின்பு மறுக்கப்படாததுமான பொருளைப் பற்றியதே மெய்யறிவு என்றால் நினைவு வெளியே நிற்கும். மறுக்கப்படாதிருத்தல் மட்டும் போதும் என்றால் நினைவும் உள்ளே வரும். விசிட்டாத்துவைதத்தின் யதீந்திரமத தீபிகை வேறு வழியில் போய், நினைவைக் காட்சியளவைக்குள்ளேயே அடக்குகிறது. காட்சியில் வேர்விட்டது காட்சியே என்பது அதன் துணிபு. கேச் உள்ள கணினியில் கோப்பைப் படிக்கும் நிரலுக்கு இந்தக் கடைசிக் கொள்கைதான் நடைமுறை. ரேமிலிருந்து வந்தாலும் அது கோப்பைப் படித்ததாகவே கணக்கு.

இதுவரை சொன்னதெல்லாம் படிப்பதற்கான கேச்சுக்குச் சரி. எழுதுவதற்கான கேச் வந்ததும் இந்த வாதங்கள் அனைத்தும் தலைகீழாகின்றன. கேச் வழியாக எழுத இரண்டு முறைகள் உண்டு. ரேமிலும் டிஸ்க்கிலும் ஒருசேர எழுதிவிட்டுப் பிறகுதான் முடிந்தது என்று சொல்வது ஒரு முறை. ரேமில் மட்டும் எழுதிவிட்டு, முடிந்தது என்று உடனே சொல்லி, டிஸ்க்கில் பிறகு எழுதுவது மற்றது. இன்டெல் 2011இல் இசட்68 சிப்செட்டோடு அறிமுகப்படுத்திய ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ், ஹார்டு டிஸ்க்குக்கு எஸ்எஸ்டியைக் கேச்சாக்கியது; அதில் முதல் முறைக்கு என்ஹான்ஸ்டு என்றும் இரண்டாம் முறைக்கு மாக்சிமைஸ்டு என்றும் பெயர். ஆபத்து அதிகமான முறைக்குக் கவர்ச்சியான பெயர் வைப்பது வியாபார மரபு. பிரைமோகேச்சில் தாமத எழுத்தைப் பயனரே இயக்கி, எத்தனை நொடி தாமதிக்கலாம் என்று குறித்துக்கொள்ளலாம். லினக்ஸ் தன் இயல்பு நிலையில் மாறிய தரவை அரை நிமிடம் வரை ரேமில் வைத்திருக்கும்.

அந்த அரை நிமிடத்தில் எது மூலம், எது நகல்? டிஸ்க்கில் இருப்பது பழைய உண்மை. புதிய உண்மைக்கு உலகில் இருக்கும் ஒரே இடம் ரேம். காட்சிக்குப் போய்ச் சரிபார்க்கச் சொன்னால், காட்சிதான் பொய் சொல்லும். மெசி ஒழுங்கில் ‘மாற்றப்பட்டது’ என்ற நிலையும் இதுவே. அந்த கோரின் நினைவு மட்டுமே மெய், மெயின் மெமரி காலாவதி. உதயணரின் வாதம் இங்கே வழுக்குகிறது. நினைவு தன் மூலத்தைச் சார்ந்தது என்ற நிலைமாறி, மூலம் நினைவைச் சார்ந்து நிற்கிறது. நிரல் அந்தத் தரவை எழுதியதுதான் மூல அனுபவம் என்று ஒரு நியாயவாதி சமாளிக்கலாம். ஆனால் எழுதிய நிரலை மூடிவிட்டால் அந்த அனுபவத்துக்கு உரியவரும் போய்விடுகிறார். சாட்சி சொல்ல மிஞ்சுவது பதிவு ஒன்றே. தாமத எழுத்து இருக்கும் இடத்தில் சமணரின் நிலைப்பாட்டுக்கு மாற்று இல்லை.

அளவை பற்றிய கேள்வியோடு வாய்மை பற்றிய கேள்வியும் இங்கே சேர்ந்துகொள்கிறது. டிஸ்க்கில் எழுதாமலே எழுதியாயிற்று என்று சொல்வது பொய்யா? ஒரு பத்திரப்பதிவு மென்பொருளை எண்ணிப் பார்க்கலாம். சேமிப்பு முடிந்தது என்று திரையில் வந்த மறுநொடி மின்சாரம் போகிறது. திரும்ப வந்ததும் பதிவு இல்லை. கேச் மென்பொருளின் தரப்பில் சொல்ல ஒன்று உண்டு: ‘எழுதியாயிற்று’ என்பது நடந்ததைப் பற்றிய கூற்று அன்று, நடத்தித் தருவேன் என்ற உறுதிமொழி, இந்த வழக்கம் எல்லோரும் அறிந்தது. உறுதிமொழி போதாதவர்களுக்காக எஃப்சிங்க் என்ற கட்டளை தனியாக இருக்கிறது. அது வந்தால் டிஸ்க்கில் உண்மையாகவே எழுதி முடித்த பிறகுதான் ஆம் என்று சொல்ல வேண்டும். தரவுத்தளங்கள் எல்லாம் இந்த ஒரு சொல்லை நம்பி நிற்கின்றன.

2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்கள் லினக்ஸில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். டிஸ்க்கில் எழுதுவது தோற்றால் எஃப்சிங்க் ஒருமுறை பிழை சொல்லும். அதற்குள் அந்தப் பக்கம் எழுதி முடிந்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். தரவுத்தளம் மறுபடி முயன்று எஃப்சிங்க்கைக் கேட்டால், இம்முறை வெற்றி என்று பதில் வரும். டிஸ்க்கிலோ எதுவும் எழுதப்பட்டிருக்காது. ஒரே கேள்விக்கு முதலில் உண்மையும் அடுத்துப் பொய்யும் சொல்லும் சாட்சி இது. உரையளவைக்கு நியாய மரபு வைத்த நிபந்தனை, சொல்பவர் நம்பத் தகுந்தவராக இருக்க வேண்டும் என்பது. போஸ்ட்கிரெஸ் அதைத்தான் கடைப்பிடித்தது: முதல் பிழையிலேயே நின்றுவிட்டு, தன் சொந்த நிகழ்ச்சிப் பதிவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டும்படி மாற்றிக்கொண்டது. ஒருமுறை நம்பகம் போன வாயிலிருந்து வரும் இரண்டாம் சொல்லை ஏற்பதில்லை.

ரேமில் இருப்பதாகச் சொல்லப்படும் பதிவு உண்மையில் இருக்கிறதா என்பதும் அவ்வளவு எளிய கேள்வி இல்லை. ரேமின் ஒவ்வொரு பிட்டும் மிகச்சிறிய ஒரு கபாசிட்டரில் உள்ள மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். டிடிஆர்4 ரேமில் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்து, படித்ததையே மறுபடி எழுத வேண்டும். டிடிஆர்5இல் 32 மில்லிநொடிக்கு ஒருமுறை. நிறுத்தினால் நினைவு அழிந்துவிடும். அப்படியென்றால் ஒரு மணி நேரமாகக் கேச்சில் இருக்கும் கோப்பு என்பது, நிலைத்து நின்ற ஒரு பொருள் அன்று. ஒன்று மறையுமுன் அதைப் போன்ற இன்னொன்று எழுதப்பட்டு வந்த வரிசை மட்டுமே. பொருள்கள் கணந்தோறும் அழிந்து, அடுத்த கணத்தில் ஒத்த ஒன்று தோன்றும் சந்தானமே நிலைபேறாகத் தெரிகிறது என்ற பௌத்தக் கணபங்கக் கொள்கைக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டை ஒரு பௌத்தர் கேட்க முடியாது. ஆனால் நியாயவாதி இங்கேயே மடக்குவார்: மறுபடி எழுதும் சுற்று ஒன்று வெளியே நிலைத்து நிற்கிறதே, அது எது? பௌத்தரின் சந்தானத்துக்கு அப்படி ஒரு வெளிக் காவலர் கிடையாது. ஒப்புமை பாதி தூரம்தான் வரும்.

நியாய வைசேடிகர்கள் நினைவைக் கொண்டே ஆன்மாவை நிறுவினார்கள் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. ஒருவர் கண்டதை இன்னொருவர் நினைப்பதில்லை. சிறுவயதில் கண்டதை முதுமையில் நினைக்க முடிகிறது. இடையில் உடல் முற்றிலும் மாறிவிட்டது. எனவே நினைவு உடலின் குணம் அன்று, உடலில் குடியிருக்கும் வேறொன்றின் குணம். உலகாயதர் இதை மறுத்து, பூதங்களின் சேர்க்கையிலேயே உணர்வு தோன்றுகிறது என்றார்கள். கேச் மென்பொருள்கள் இந்த இரு கட்சிகளாகவும் பிரிந்து கிடக்கின்றன. ஏசஸின் ரேம்கேச் அந்த நிறுவனத்தின் போர்டோடு ஒட்டியது; வேறு நிறுவனத்தின் போர்டுக்கு மாறினால் அது கூட வராது. பிரைமோகேச்சுக்கு உடல் எதுவானாலும் ஒன்றுதான்.

எந்த போர்டில் எது ஓடும் என்பதைச் சொல்லும் பொருத்தம் என்ற சொல்லின் கீழ் விற்பனையாளர்கள் வேறு வேறு விஷயங்களைக் கலந்து வைத்திருக்கிறார்கள். ஒரு தொடர் பொருள்பட அவாய்நிலை, தகுதி, அண்மை மூன்றும் வேண்டும் என்பர் இலக்கண நூலார். ‘நெருப்பால் நனைத்தான்’ என்பதில் சொற்கள் இருக்கின்றன, தகுதி இல்லை. நனைப்பது நெருப்பின் இயல்பில் இல்லை. டிடிஆர்4 ரேமை டிடிஆர்5 போர்டில் செருக முடியாதது இந்த வகை. பள்ளம் இடம் மாறியிருக்கிறது, மின்னழுத்தம் வேறு. எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது. என்விஎம்இ டிஸ்க்கிலிருந்து பூட் ஆகத் தெரியாத பழைய பயாஸ் இரண்டாம் வகை. இயல்பில் தடை இல்லை, கற்றுக்கொடுக்கப்படவில்லை. ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் பல போர்டுகளில் தீரும்.

மூன்றாவது வகை ஆணையால் வருவது. இன்டெல் 2017இல் வெளியிட்ட ஆப்டேன் மெமரி 16 ஜிபி, 32 ஜிபி அளவுகளில் சிறு எம்.2 அட்டையாக வந்தது. ஹார்டு டிஸ்க்குக்குக் கேச்சாக அதைப் பயன்படுத்த ஏழாம் தலைமுறை கோர் பிராசசரும் 200 வரிசை சிப்செட்டும் வேண்டும் என்றார்கள். பழைய போர்டின் எம்.2 துளையில் அதே அட்டை உட்காரும், சாதாரணச் சிறு டிஸ்க்காக வேலையும் செய்யும். கேச் வேலை மட்டும் செய்யாது. வேறு மென்பொருளைக் கொண்டு அதையே கேச்சாக்க முடியும் என்பதால், தடை நெருப்புக்கும் நீருக்கும் இடையிலானது அன்று என்பது தெளிவு. இயல்பால் வரும் தகுதியின்மையையும் ஆணையால் வரும் தகுதியின்மையையும் ஒரே பட்டியலில் ‘பொருந்தாது’ என்று எழுதுவது தத்துவ நேர்மைக்கு ஒவ்வாது. ஆப்டேன் தொழிலையே மூடுவதாக இன்டெல் 2022 ஜூலையில் அறிவித்தது.

நினைவு அளவையாகுமா என்பதற்கு, கேச்சை முன்னிறுத்திப் பார்த்தால், ஒரே விடை இல்லை. படிக்கும் கேச் உதயணர் சொன்னபடி பிறர் கையை நம்பியது. மாறினால் சொல்லும் ஏற்பாடு இருக்கும் இடத்தில் மட்டும் அதைச் சந்தேகமின்றி ஏற்கலாம். தாமதமாக எழுதும் கேச் முழு உரிமையுள்ள சாட்சி. ஆனால் மின்சாரம் போனால் இறந்துபோகும் சாட்சி. என்விஎம்இ டிஸ்க் உள்ள புதுக் கணினியில், விண்டோஸ் செய்வதையே மறுபடி செய்யும் போர்டு நிறுவனத்தின் கேச் மென்பொருளால் அன்றாட வேலையில் தெரியும் அளவுக்கு லாபம் இல்லை. அதற்காக ஒரு குறிப்பிட்ட போர்டை வாங்குவதிலும் பொருளில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டிருப்பவர்கள் படிக்கும் கேச்சை மட்டும் வைத்துக்கொள்ளலாம். யுபிஎஸ் இல்லாத கணினியில் தாமத எழுத்தை அணைத்துவிட வேண்டும். யுபிஎஸ் இருந்தாலும் கணக்கு வழக்கும் ஆவணங்களும் உள்ள டிஸ்க்குக்கு அது கூடாது. தற்காலிகக் கோப்புகள் மட்டும் உள்ள டிஸ்க்குக்கு வைத்துக்கொண்டால் கேடில்லை.